ஸ்க்லெரோடெர்மா (தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் நோய்) உள்ள என் அம்மாவுக்குச் சாப்பாடு நெஞ்சிலேயே நிற்கிறது. அந்த நோயால்தானா?

பெரும்பாலும் அந்த நோயால்தான். எனக்கும் அதே நோய் உண்டு, கோத்தகிரியில் இருக்கிறேன். குளிரில் விரல்கள் வெளுத்து நீலமானபோது பனி என்றார்கள். சோறு நெஞ்சை அடைத்தபோது கேஸ் என்றார்கள். இரண்டும் ஒரே நோய் என்று கண்டுபிடித்தவர் கோயம்புத்தூரில் பார்த்த ருமட்டாலஜி (மூட்டு, தசை நோய்கள்) டாக்டர்.

உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தசைதான் இந்த நோயில் பலம் இழக்கிறது. அதனால் தொண்டையைத் தாண்டும்வரை ஒன்றும் தெரியாது, நடுநெஞ்சில் போய் நிற்கும். இரைப்பைக்கு மேலே இருக்கும் வால்வும் தளர்ந்துபோவதால் அமிலம் ஏறி வரும். அது நாள்பட்டால் குழாயே சுருங்கி, அடைப்பு இன்னும் கூடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை எரிச்சல் குறைந்ததும் நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான். ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் எல்லாம் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டியவை.

விரல்கள் வெளுப்பதற்கு நிஃபெடிபின் என்ற, ரத்தக்குழாயை விரிக்கும் மாத்திரை எடுக்கிறாரா? அதுவும் அந்த வால்வைத் தளர்த்தக்கூடும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், எந்த இடத்தில் நிற்கிறது என்று அம்மாவிடம் விசாரியுங்கள். விழுங்கும் கணத்திலேயே புரையேறினாலோ, தண்ணீர் மூக்கு வழியாக வந்தாலோ அது தொண்டைத் தசை. மயோசைட்டிஸ் என்ற தசை அழற்சி நோயும் சேர்ந்திருக்கலாம், உடனே காட்ட வேண்டும். வாய் வறண்டு, டீ இல்லாமல் ஒரு வர்க்கிகூட இறங்கவில்லை என்றால் ஷோக்ரென் என்ற, உமிழ்நீரும் கண்ணீரும் வற்றும் நோய் பற்றிக் கேளுங்கள். 'விழுங்க முடியலை' என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் மனம் தளராதீர்கள். தசையின் பலத்தை அளப்பது மனோமெட்ரி என்ற வேறு பரிசோதனை.

எனக்கு அதிகம் உதவியது இரவுச் சாப்பாட்டின் நேரம். எங்கள் ஊர்க் குளிருக்குச் சாப்பிட்ட கையோடு கம்பளிக்குள் போய்விடுவோம். இந்த நோய்க்கு அது ஆகவே ஆகாது. படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே, குழைந்த சாதமோ ராகிக் கஞ்சியோ கொஞ்சமாகச் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கட்டை வைத்து 15 செ.மீ. உயர்த்தியிருக்கிறோம். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், பயன் இல்லை.

எச்சில்கூட இறங்கவில்லை என்றாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எடை குறைவதையும் இரவு இருமலையும் அடுத்த முறை மறக்காமல் சொல்லுங்கள். ஏறி வரும் அமிலம் நுரையீரலுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.