அடுப்படிக் கேள்வி பதில்: இரவில் கலந்த மாவு, மறுநாள் மாலை பிரெட்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை, வேலைக்கும் சென்றுகொண்டு, பிள்ளைகளுக்கு வேண்டியதை வீட்டிலேயே சமைத்தும் சுட்டும் கொடுக்க விரும்பும் பெற்றோர் எழுதியவை. கேள்விகள் வெவ்வேறாயினும், நேரம் போதவில்லை என்ற ஒரே மனக்குறைதான் எல்லாவற்றின் அடியிலும் இருக்கிறது. அவற்றுள் ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டு விடையளிக்கிறேன்.

கேள்வி: இரு பிள்ளைகளுக்குத் தாய் நான். அலுவலகத்திலிருந்து வீடு திரும்பவே மாலை ஏழு மணியாகிவிடுகிறது. வீட்டில் பிரெட் சுட வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. ஆனால் எந்தச் செய்முறையைப் பார்த்தாலும், பிசைந்து, இரண்டு முறை பொங்கவைத்து, சுட்டு முடிக்க நான்கு மணி நேரம் ஆகும் என்கிறார்கள். விடுமுறை நாளை விட்டால் இதற்கு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. அந்த நான்கு மணி நேரத்தைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள்; அதில் உங்கள் கை மாவில் இருப்பது இருபது நிமிடத்துக்கு மேல் இராது. மீதி நேரம் முழுவதும் ஈஸ்ட்டும் ஓவனும் வேலை செய்யும் நேரம். ஈஸ்ட் வேலை செய்யும்போது நீங்கள் அருகில் நின்று காவல் காக்க வேண்டியதில்லை. ஆகவே ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைத்து, அதன் வேலை நேரத்தை உங்கள் உறக்கத்தோடும் அலுவலகத்தோடும் பொருத்திவிட வேண்டும். ஈஸ்ட் 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுறுசுறுப்பாக இயங்கும். ஃபிரிட்ஜில் 4 டிகிரியை ஒட்டிய குளிரில் அது செத்துவிடுவதில்லை, மிக மெதுவாக இயங்கிக்கொண்டே இருக்கும். அந்த மெதுவான புளிப்பில்தான் பிரெட்டுக்கு நல்ல மணமும் சுவையும் கூடுகின்றன என்பதால், நேரமில்லாதவர் கையாளும் இந்த முறை, நேரமுள்ளவர் செய்யும் அவசர முறையைவிடச் சுவையில் ஒரு படி மேலாகவே இருக்கும்.

500 கிராம் மைதா, 330 மில்லிலிட்டர் சாதாரணத் தண்ணீர், 10 கிராம் உப்பு, 2 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஆகியவற்றை இரவு ஒன்பது மணிக்கு ஒரு பெரிய பாத்திரத்தில் கொட்டி, உலர்ந்த மாவு எங்கும் தெரியாமல் போகும்வரை கரண்டியாலோ கையாலோ கலந்துவிடுங்கள். வழக்கமான செய்முறைகள் இந்த அளவு மாவுக்கு 5 முதல் 7 கிராம் ஈஸ்ட் கேட்கும். நீண்ட நேரம் கிடைக்கும்போது அவ்வளவு தேவையில்லை. தண்ணீர் சுடச்சுட இருக்கக் கூடாது. 60 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் இறந்துவிடும். கலந்தபின் பிசைய வேண்டாம். மாவும் நீரும் சேர்ந்து இருந்தாலே மாவிலுள்ள புரதங்கள் தாமாகப் பிணைந்து குளூட்டன் வலை உருவாகும் என்பதால், பாத்திரங்களைக் கழுவி முடித்தபின் திரும்பி வந்து, ஈரக்கையால் மாவின் ஓரங்களை இழுத்து நடுவில் மடித்து, அரை மணி கழித்து இன்னொரு முறை அதையே செய்து, மூடிபோட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மாவு இரண்டு மடங்காகப் பொங்க இடம் இருக்க வேண்டும். மூடியை இறுக்கிவிடவும் கூடாது. நான் ஒருமுறை சிறிய டப்பாவில் இறுக்கி மூடிவைத்து, மறுநாள் ஃபிரிட்ஜின் தட்டு முழுவதும் மாவைச் சுரண்டியெடுத்த பிறகே இந்த எச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்தவுடன் மாவை எடுத்து உருட்டி, எண்ணெய் தடவிய டின்னில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கவனியுங்கள். குளிர்ந்த மாவாதலால் மீண்டும் பொங்க ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கலாம். விரலால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மெதுவாகவும் பாதியளவுக்கும் மேலெழுந்தால் மாவு தயார். உடனே துள்ளி எழுந்தால் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும். பள்ளம் அப்படியே நின்றுவிட்டால் பொங்கியது மிகையாகிவிட்டது, உடனே சுட்டுவிடுங்கள். 220 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் சுட்டு, உள்வெப்பம் 95 டிகிரியை ஒட்டி வந்தால் வெந்துவிட்டது. ஆறாமல் வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும் என்பதால் ஒரு மணி நேரமாவது விட்டுவிட வேண்டும்; எனவே இது அன்றைய இரவுச் சாப்பாட்டுக்கான பிரெட் அன்று, மறுநாள் காலைக்கானது. அதை முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

அன்று மாலை முடியாமல் போனால் மாவு இன்னும் ஒரு நாள் தாங்கும். மூன்றாம் நாளுக்குப் பிறகு புளிப்பு ஏறி, வலையும் தளர்ந்து, உயர்ந்து நிற்கும் வலிமை குறையும். அப்போது அதைத் தட்டையாகப் பரப்பி பீட்சாவுக்கு அடித்தளமாக்கிவிடுங்கள்.

சுட்ட பிரெட்டை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெந்த ஸ்டார்ச் மீண்டும் இறுகிப் படிகமாவதால்தான் பிரெட் வறண்டு கட்டியாகிறது; அந்த மாற்றம் ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக விரைவாக நடக்கும். இரண்டு நாளில் தீராது என்று தோன்றினால், ஆறியபின் துண்டுகளாக்கி ஃப்ரீசரில் வைத்து, வேண்டியபோது வேண்டிய துண்டுகளை மட்டும் எடுத்து நேரே டோஸ்டரில் போட்டுக்கொள்ளலாம். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு பிரெட் சுடுங்கள். ஓவனுக்கு அது கூடுதல் வேலையே இல்லை.

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு மூன்று ஆண்டுகளாக நானே கேக் சுடுகிறேன். மூன்று முறையும் நடுவில் குழி விழுந்துவிட்டது. நன்றாக எழும்ப வேண்டும் என்று, ஒன்றரைக் கப் மாவுக்குச் சமையல் சோடா இரண்டு தேக்கரண்டியும் பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டியும் சேர்க்கிறேன். மாவைக் கலந்துவைத்துவிட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டி வந்து, அரை மணி கழித்து ஓவனில் வைப்பேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: மூன்று ஆண்டுகளாக விடாமல் முயலும் தந்தைக்கு முதலில் என் பாராட்டு. நீங்கள் சேர்ப்பது மிக அதிகம். சமையல் சோடா ஒரு காரம். தயிர், மோர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருள் கலவையில் இருந்தால்தான் அது முழுமையாக வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடும். ஒரு கப் மாவுக்குக் கால் தேக்கரண்டியே போதும். பேக்கிங் பவுடரில் அதே சோடாவோடு உலர்ந்த அமிலமும், ஈரத்தைத் தடுக்க ஸ்டார்ச்சும் முன்பே சேர்ந்திருக்கும். அது கப்புக்கு ஒரு தேக்கரண்டி முதல் ஒன்றேகால் வரை. அளவு மிஞ்சினால் கேக் வேகமாக உப்பி, உள்ளே மாவு வெந்து உறுதிப்படுவதற்கு முன்பே குமிழிகள் உடைந்து, நடுப்பகுதி அமிழ்ந்துவிடும். வினைபுரியாமல் எஞ்சும் சோடா சோப்புப் போன்ற சுவையையும் தரும். உங்கள் மகள் பொறுமைசாலியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பிழை அந்த அரை மணி நேரம். ஈரம் பட்டவுடனேயே வாயுவின் ஒரு பகுதி வெளியேறத் தொடங்கிவிடும். குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டுமென்றால் குளிப்பாட்டத்தான் வேண்டும். ஆனால் கலப்பதை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவே மாவு, பேக்கிங் பவுடர், உப்பு ஆகிய உலர்ந்தவற்றை ஒரு டப்பாவில் சலித்து வைத்துவிட்டால், மறுநாள் ஓவன் முழுச் சூட்டுக்கு வந்தபின் முட்டை, பால், சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றை அடித்து, உலர்ந்ததைச் சேர்த்துக் கலக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. முதல் 25 நிமிடம் ஓவன் கதவைத் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். டப்பாவில் பல மாதம் கிடந்த பேக்கிங் பவுடர் வேலை செய்யுமா என்று ஐயமிருந்தால், அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்காவிட்டால் எறிந்துவிடலாம்.

இடைச்செருகலாக ஒன்று: 1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற வேதியியலாளர் பேக்கிங் பவுடரை உருவாக்கியது, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக. வீட்டாருக்கு ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்ற உங்கள் எண்ணமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

கேள்வி: பிஸ்கட்டில் மைதாவுக்குப் பதிலாக முழுக்கோதுமை மாவும், பாதியளவு சர்க்கரையும் போட்டேன். கல்லைப் போல் வந்துவிட்டது. சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்தால் சரியாகுமா? வீட்டில் பத்து மாதக் குழந்தையும் இருக்கிறது.

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நச்சை உண்டாக்கும் ஆற்றல் உள்ளவை; சாதாரணமாகச் சுடும் வெப்பத்தில் அவை அழிந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. மற்றவர்களுக்கும் தேனால் பெரிய ஆதாயம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளில் உண்ணும் ஆற்றலில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாகவே சேர்மானச் சர்க்கரை இருக்க வேண்டும் என்கிறது; அந்தக் கணக்கில் தேனும் அடங்கும்.

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இருப்பதில்லை. ஈரத்தைப் பிடித்துவைத்து, குளூட்டன் இறுகாமல் தடுத்து, பிஸ்கட்டை மொறுமொறுப்பாகவும் பொன்னிறமாகவும் ஆக்குவதும் அதுதான். ஆகவே ஒரேயடியாகப் பாதியாக்காமல் கால்பங்கு குறைத்துப் பாருங்கள். பெரும்பாலான செய்முறைகள் அதைத் தாங்கும். மாவிலும் முதலில் மூன்றிலொரு பங்கை மட்டும் முழுக்கோதுமையாக மாற்றுங்கள். தவிடு நீரை மெதுவாகவும் மிகுதியாகவும் உறிஞ்சும் என்பதால், ஒன்றிரண்டு மேசைக்கரண்டி பால் கூடுதலாக ஊற்றி, கலந்த மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவிட்டபின் சுட வேண்டும். எஞ்சிய மாவைச் சிறு உருண்டைகளாக்கி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால், தேவைப்படும் மாலையில் ஆறு உருண்டைகளை மட்டும் எடுத்து, உறைநிலையிலேயே ஓவனில் வைத்து, இரண்டு நிமிடம் கூடுதலாகச் சுடலாம். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் சூடான பிஸ்கட் தர இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கப் அளவு போதாதா? எடைத் தராசு வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்குங்கள். ஒரே கப்பில் மாவைத் தளரக் கொட்டினால் 120 கிராம். அழுத்தி அள்ளினால் 150 கிராம். அந்த வேறுபாடே கேக்கைக் கட்டியாக்கப் போதும். பாத்திரத்தைத் தராசின் மேலேயே வைத்து ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொள்ளலாம் என்பதால் கழுவவேண்டிய கப்புகளும் கரண்டிகளும் மிச்சம்.

கேள்வி: விடுமுறை நாளில் வாரம் முழுவதற்கும் சமைத்துவைக்க நினைக்கிறேன். பழையது உடம்புக்கு ஆகாது என்கிறார் என் தாயார். எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: உங்கள் தாயாரின் அச்சத்தில் நியாயம் உண்டு, ஆனால் அஞ்சவேண்டியது எத்தனை நாள் ஆயிற்று என்பதைவிட, சமைத்த முதல் சில மணி நேரத்தில் அந்த உணவு எங்கே இருந்தது என்பதைப் பற்றித்தான். 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் சேர்த்துவிட வேண்டும். பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும். நான் ஒருமுறை பாத்திரம் நிறையக் காய்கறி சூப்பை அப்படி வைத்து, காலையில் திறந்தபோது புளித்து நுரைத்திருக்கக் கண்டேன். ஆழமில்லாத சிறு டப்பாக்களில் பிரித்து வைத்தால் விரைவில் குளிரும். ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று எடுக்கவும் எளிது.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் பிழைத்துவிடும். சோறு வெளியில் கிடக்கும்போது அவை முளைத்து உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடுபடுத்தினாலும் போகாது. எனவே வெளியில் கிடந்த சோற்றைச் சூடாக்கிக் காப்பாற்ற முயலவேண்டாம்.

ஃபிரிட்ஜில் மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள். அதற்கு மேல் தேவைப்படுவதை முதல் நாளே ஃப்ரீசருக்கு அனுப்பிவிட்டு, உண்ணும்போது 70 டிகிரிக்குக் குறையாமல், ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். வெந்த பயறு வகைகள், சூப், வதக்கிய வெங்காயம் தக்காளி ஆகியவை உறைவதைத் தாங்கும். வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். உருளைக்கிழங்குத் துண்டுகள் நீர்விட்டுச் சொதசொதவென்றாகும். என்னைக் கேட்டால், ஏழு நாளுக்கும் முழு உணவாகச் சமைத்துவைப்பதைவிட, பாதிவேலை முடித்த இத்தகைய பொருள்களை வைத்துக்கொள்வதே மேல். நான்காம் நாள் அதே உணவைப் பார்த்துப் பிள்ளைகள் முகம் சுளிப்பதும் இராது.

கேள்வி: நான் சுடும்போதெல்லாம் நான்கு வயது மகன் உதவிக்கு வந்து நிற்கிறான். நேரம் இரட்டிப்பாகிறது. அனுமதிக்கலாமா?

பதில்: இரட்டிப்பாகத்தான் ஆகும், அதனால் அவசர நாளில் வேண்டாம், நேரமுள்ள நாளில் அனுமதியுங்கள். தராசில் மாவைக் கொட்டுவது, டின்னில் எண்ணெய் தடவுவது, அச்சால் பிஸ்கட் வெட்டுவது ஆகியவை அந்த வயதுக்குப் பொருந்தும். ஓவன் பக்கம் விடவேண்டாம். சுடாத மாவுக்கலவையை நக்கவும் விடக்கூடாது. பச்சை முட்டையில் மட்டுமன்றி, வேகாத மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். கரண்டியை அவன் கையில் கொடுப்பதற்கு முன், நக்குவதற்கென்று ஒரு வாழைப்பழத் துண்டையோ சிறிது தயிரையோ தயாராக வைத்துக்கொண்டால் சண்டை வராது.