சுவரில் ஓதம்: "ஏ.சி. போட்டதால் வந்தது" என்று கட்டுநர் கைகழுவ முடியுமா?

கேள்வி: சென்னை மேடவாக்கத்தில் நாற்பது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், நான்காம் மாடி வீடு ஒன்றை அதன் முதல் உரிமையாளரிடமிருந்து 2024 ஆகஸ்டில் வாங்கினேன். அவருக்குக் கட்டுநர் வீட்டை ஒப்படைத்தது 2022 ஜூனில். நாங்கள் குடிவந்த முதல் நவம்பரிலேயே படுக்கையறையின் கிழக்குச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே ஓதம் ஏறி, பெயின்ட் உப்பி உதிர்ந்தது. குளியலறையை ஒட்டிய சுவரில், அலமாரிக்குப் பின்னால், ஆண்டு முழுவதும் பூஞ்சை படர்கிறது. கோடையில் படுக்கையறைச் சுவரின் மறுபுறம், அதாவது ஹால் பக்கம், வியர்த்ததுபோல ஈரம் படிகிறது. எல்லாமே காற்றின் ஈரம் குளிர்ந்து படிவதுதான் என்றும், நாங்கள் ஏ.சி.யை அதிகம் போட்டு ஜன்னலை மூடி வைப்பதே காரணம் என்றும் கட்டுநர் சொல்கிறார். ஒப்பந்தப்படி தன் பொறுப்பு ஓராண்டுதான், நான் அவரிடம் வாங்கியவனே அல்ல, வேண்டுமானால் பத்தாண்டு உத்தரவாதம் கொடுத்திருக்கும் வாட்டர் ப்ரூஃபிங் நிறுவனத்திடம் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். யாரைப் பொறுப்பாக்குவது?

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் மூன்று இடங்களையும் ஒரே பிரச்சினையாக எடுத்துக்கொண்டு கட்டுநரிடம் பேசியதுதான் அவருக்கு வசதியாகிவிட்டது. மூன்றில் ஒன்றுக்கு அவர் சொல்லும் காரணம் பொருந்துகிறது என்பதால், அதையே மற்ற இரண்டுக்கும் போர்த்தி மூடிவிடப் பார்க்கிறார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது முடிவானால்தான் அது யார் பொறுப்பு என்பதும் முடிவாகும். ஆகவே சட்டப் பிரிவுகளுக்குப் போவதற்கு முன் சுவரைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னைக் கோடையில் வெப்பம் 32 டிகிரியும் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காடும் இருக்கும்போது, ஏறக்குறைய 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் நீர் படியும். படுக்கையறையில் ஏ.சி. 22 டிகிரியில் ஓடினால், நாலரை அங்குலத் தடுப்புச் சுவரின் மறுபக்கமும் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடக்கூடும். அப்போது ஹாலின் வெக்கையான காற்று அந்தப் பக்கத்தில் வியர்க்கும். கவனியுங்கள்: இத்தகைய ஈரம் ஏ.சி. ஓடும் அறைக்கு வெளியே, கோடை மாதங்களில் தோன்ற வேண்டும். உங்கள் ஹால் பக்கத்து ஈரம் அப்படியே இருக்கிறது. ஆனால் கிழக்குச் சுவர் ஓதம், ஏ.சி. அதிகம் தேவைப்படாத நவம்பரில், வடகிழக்குப் பருவமழை வந்து மோதும் வெளிச்சுவரில், ஜன்னலுக்குக் கீழே தோன்றுகிறது. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றிலிருந்து படியும் நீரில் உப்பு கிடையாது. சுவருக்குள் ஊடுருவி வரும் நீர்தான் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து வெளியே விட்டுவிட்டுக் காயும். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, ஓரடிச் சதுர அலுமினியத் தாளின் நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறையைப் பார்த்த முகத்தில் நீர் இருந்தால் அது காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த முகத்தில் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. இவை உங்கள் தெளிவுக்காக மட்டுமே. வழக்குக்கு ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்து, ஈரமானியில் அளவெடுத்து, காரணத்தைக் குறிப்பிட்டுக் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். பெயின்டருக்குக் கொடுக்கும் பணத்தை முதலில் இவருக்குக் கொடுங்கள்.

இனி சட்டம். கட்டட மனை விற்பனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், 2016, அதாவது பேச்சுவழக்கில் ரெரா சட்டம், 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மிகாமல் கட்டப்படும் திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கிறது. நாற்பது வீடுகள் உள்ள உங்கள் குடியிருப்புக்கு அந்த விலக்கு இல்லை. அச்சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் குறைபாடு கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், அவர் முப்பது நாட்களுக்குள், கூடுதல் பணம் எதுவும் வாங்காமல், அதைச் சரிசெய்து தர வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். "ஓதம் கட்டமைப்புக் குறைபாடு ஆகாது, தூணிலும் உத்தரத்திலும் விரிசல் விட்டால் பார்க்கலாம்" என்று கட்டுநர்கள் சொல்வது வழக்கம். அந்தப் பிரிவு கட்டமைப்போடு நிற்கவில்லை. வேலைத்திறன், தரம், சேவைகள் ஆகியவற்றில் உள்ள வேறு எந்தக் குறைபாட்டையும் சேர்த்தே சொல்கிறது. ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இடைவெளியைச் சரியாக அடைக்காமல் விட்டதும், வெளிப்பூச்சில் மயிரிழை விரிசல் விட்டதும், ஜன்னலின் அடித்தட்டில் மழைநீர் வழிய வெளிப்புறச் சரிவு கொடுக்காததும் வேலைத்திறன் குறைபாடுகளே.

ஒப்பந்தத்தில் ஓராண்டு என்று எழுதியிருப்பது உங்களைக் கட்டுப்படுத்தாது. சட்டம் தரும் ஐந்தாண்டைத் தனியார் ஒப்பந்தம் ஓராண்டாகக் குறைத்தால், அந்த நிபந்தனை சட்டத்தின் நோக்கத்தைத் தோற்கடிப்பது என்ற அளவில் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி செல்லாது என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. கிரயப்பத்திரம் எழுதிக் கொடுத்தாகிவிட்டதே என்ற வாதத்துக்கும் ரெரா சட்டமே பதில் வைத்திருக்கிறது: 14(3)இன் கீழ்வரும் பொறுப்பு கிரயம் முடிந்த பிறகும் தொடரும் என்று 11(4) பிரிவின் வரம்புரை (பிரிவோடு சேர்த்து எழுதப்படும் கூடுதல் நிபந்தனை) கூறுகிறது.

நீங்கள் இரண்டாவது கைமாற்றில் வாங்கியவர் என்பதுதான் எதிர்த்தரப்பு உண்மையாகவே வலியுறுத்தப் போகும் இடம். "ஒதுக்கீடு பெற்றவர்" என்பதற்கு 2(d) பிரிவு தரும் விளக்கம், கட்டுநரிடம் நேரடியாக வாங்கியவரை மட்டுமன்றி, அந்த ஒதுக்கீட்டை விற்பனை அல்லது மாற்றம் மூலம் பிற்பாடு அடைந்தவரையும் உள்ளடக்குகிறது. வாடகைக்கு இருப்பவரை மட்டும் விலக்குகிறது. கட்டி முடித்து ஒப்படைத்த வீட்டை மறுவிற்பனையில் வாங்குவது "ஒதுக்கீட்டை அடைவது" ஆகாது என்று அவர் தரப்பில் வாதிடலாம். என் கருத்தில் அந்த வாதம் பலவீனமானது. வாடகைதாரரை மட்டும் பெயர் சொல்லி விலக்கிய சட்டம், மறு கிரயம் பெற்றவரையும் விலக்க நினைத்திருந்தால் அதையும் சொல்லியிருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஐந்தாண்டு எண்ணப்படுவது நீங்கள் குடிவந்த 2024இலிருந்து அல்ல, முதல் உரிமையாளருக்கு ஒப்படைத்த 2022 ஜூனிலிருந்து என்றே கொள்ளுங்கள். அதாவது 2027 ஜூனுக்குள் உங்கள் எழுத்துமூலமான அறிவிப்பு அவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதும், தள மேலாளரை அழைத்துக் காட்டியதும் கணக்கில் வராமல் போகலாம்.

உங்களுக்கு விற்றவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அவர் 2022, 2023 என்று இரண்டு மழைக்காலங்களை அந்த வீட்டில் பார்த்தவர். கிழக்குச் சுவர் அவருக்கும் ஒழுகியிருக்கக்கூடும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 55(1)(a) பிரிவின்படி, விற்பவருக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறைபாட்டை விற்பவர் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைப்பதை அதே பிரிவு மோசடியாகக் கருதுகிறது. மழைக்காலத்துக்கு முந்தைய ஆகஸ்டில், புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரைக் காட்டி விற்றிருந்தால் கேள்வி எழத்தான் செய்யும். ஆயினும் அவர் மீது உடனே பாய வேண்டாம் என்பேன். அவர் அந்தக் காலத்தில் ஓதத்தைப் பற்றிக் கட்டுநருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால், அது அவர் மீதான சாட்சியம் மட்டுமல்ல. ஐந்தாண்டுக்குள் கட்டுநருக்கு அறிவிப்பு போய்விட்டது என்பதற்கும், ஓதம் உங்கள் ஏ.சி. பழக்கத்தால் வரவில்லை என்பதற்கும் அதைவிடச் சிறந்த ஆவணம் கிடைக்காது. அவரைப் பகைத்துக்கொண்டால் அந்த மின்னஞ்சல் உங்கள் கைக்கு எளிதில் வராது. முதலில் நயமாகக் கேட்டு வாங்குங்கள்.

வாட்டர் ப்ரூஃபிங் நிறுவனத்தின் பத்தாண்டு உத்தரவாதம் கட்டுநருக்குக் கொடுக்கப்பட்டது. உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இல்லாதவரை, அந்தத் தாளை நீங்கள் நேரடியாக அமல்படுத்துவது கடினம். கட்டுநர் அதை உங்கள் பெயருக்கோ குடியிருப்போர் சங்கத்தின் பெயருக்கோ எழுத்துமூலம் மாற்றிக் கொடுத்தால் பயனுண்டு, கேட்டு வையுங்கள். ஆனால் அந்த உத்தரவாதம் கட்டுநரின் சட்டப் பொறுப்புக்கு மாற்று ஆகாது. அவர் தன் துணை ஒப்பந்தக்காரரிடம் திரும்ப வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்கும் இடையிலான விவகாரம். பெயின்ட் நிறுவனங்களின் உத்தரவாதங்களை நம்பிக் காலத்தைப் போக்க வேண்டாம். சுவருக்குள்ளிருந்து வரும் ஈரத்தையும் கட்டட விரிசலையும் அவை பெரும்பாலும் விலக்கிவிடும். மிஞ்சுவது பெயின்ட்டைத் திரும்பக் கொடுப்பதுதான்.

ஹால் பக்கத்து வியர்வையை, என் மதிப்பீட்டில், நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும். ஏ.சி.யை 25 அல்லது 26 டிகிரிக்கு உயர்த்துவதிலேயே அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் காற்றின் ஈரம் என்று முடிவானாலே எப்போதும் குடியிருப்பவர்தான் பொறுப்பு என்றும் கொள்ளக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அதில் காட்டிய ஜன்னலோ குளியலறை வென்டிலேட்டரோ கட்டும்போது விடுபட்டிருந்தாலோ, திறக்க முடியாத கண்ணாடியாக மாறியிருந்தாலோ, காற்றோட்டம் இல்லாததால் வந்த பூஞ்சையும் கட்டுநர் கணக்கில்தான் சேரும்.

அலமாரிக்குப் பின்னால் உள்ள பூஞ்சை மூன்றிலும் சிக்கலானது. ஆண்டு முழுவதும் இருப்பதால் மழை காரணமல்ல. குழாய்க் கசிவோ, குளியலறையின் தாழ்தள ஸ்லாபில் (குழாய்களுக்காகத் தாழ்வாக இறக்கிக் கட்டிய தளத்தில்) நீர்த்தடுப்பு தோற்றதோ காரணமாக இருக்கலாம். அது உங்கள் குளியலறையா, மேல்வீட்டுக் குளியலறையா என்பதைத் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையில் அறியலாம். தடுப்பு தொடக்கத்திலிருந்தே சரியில்லை என்றால் மீண்டும் 14(3)தான். மேல்வீட்டார் டைல்ஸை உடைத்து மாற்றியதாலோ, உங்களுக்கு முந்தையவர் வாட்டர் ஹீட்டர் குழாய்க்காகச் சுவரைக் குடைந்ததாலோ வந்தது என்றால் கட்டுநரின் பொறுப்பு அங்கே அறுந்துவிடும். பொதுக் குழாய்கள் செல்லும் ஷாஃப்டிலிருந்து கசிந்தால் பராமரிப்பு சங்கத்தைச் சேர்ந்தது. ஆகவே அறிவிப்பின் நகலைச் சங்கத்துக்கும் கொடுங்கள்.

அறிவிப்பில் மூன்று இடங்களையும் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் முதலில் தோன்றிய மாதம், தேதியிட்ட புகைப்படம், பொறியாளர் அறிக்கை ஆகியவற்றை இணைத்து, முப்பது நாட்களுக்குள் சரிசெய்யக் கோரி, ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அதுவரை கிழக்குச் சுவரைப் பூசி மூட வேண்டாம். அதே நேரத்தில் அலமாரியைச் சுவரை விட்டு நகர்த்தி வையுங்கள். தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு இழப்பீட்டிலிருந்து கழிக்க வைக்கும்.

முப்பது நாட்களில் பலனில்லை என்றால், பழுதுபார்க்கும் உத்தரவுக்குத் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்திடம் 'எம்' படிவத்திலும், இழப்பீட்டுக்கு அதன் தீர்ப்பு அலுவலரிடம் 'என்' படிவத்திலும் மனு செய்ய வேண்டும். இழப்பீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் தீர்ப்பு அலுவலருக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021இல் நியூடெக் வழக்கில் தெளிவாக்கியிருப்பதால், இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் ஒரு பகுதி அடிபட்டுப் போகும். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்; ரெரா இருப்பதால் அந்த வழி அடைபடவில்லை என்று 2020இல் இம்பீரியா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே இரண்டு நிவாரணங்களையும் ஒன்றாகக் கேட்கலாம் என்றாலும் காலவரம்பு இரண்டாண்டு. அது 2024 நவம்பரிலிருந்தே ஓடத் தொடங்கியது என்று எதிர்த்தரப்பு சொல்லும். போதாததற்கு நீங்கள் கட்டுநருக்கு நேரடியாகப் பணம் கொடுத்தவரும் அல்லர். உங்கள் நிலையில் நான் ரெராவையே தேர்ந்தெடுப்பேன்.

அறிவிப்பு போனதும் கட்டுநர் பெரும்பாலும் ஆள் அனுப்பி, விரிசலைப் பூசி, ஒரு கோட் பெயின்ட் அடித்து, "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சடித்த தாளை நீட்டுவார். வேலையை மறுக்க வேண்டாம், செய்யட்டும்; ஆனால் ஒரு மழைக்காலம் முழுதாகக் கடக்கும் முன் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்து இல்லாமல் ஆட்கள் நகரமாட்டார்கள் என்றால், அந்த வரியை அடித்துவிட்டு, எந்தச் சுவரில் என்ன வேலை எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்பதை மட்டும் எழுதிக் கையொப்பமிட்டு, அதைப் புகைப்படம் எடுத்து அன்றைக்கே கட்டுநருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.