கம்பியும் கட்டையும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு கிட்டார் மனதில் இருக்கிறது. ஒன்று ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவம், பாப்லர் மரத்தில் பாடி. இன்னொன்று லெஸ் பால் வடிவம், மஹோகனி பாடி; 6,000 ரூபாய் அதிகம். ‘பாப்லர் மட்டமான மரம், மஹோகனியில்தான் கனமான டோன் வரும்’ என்கிறார் கடைக்காரர். எதை வாங்கட்டும்?
— ஒரு மாணவர், திருச்சி

தம்பி, மரத்துக்காக என்று அந்த 6,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். வேறு காரணத்துக்காகக் கொடுக்கலாம், அதற்கு வருகிறேன்.

நீங்கள் சொல்லும் இரண்டு கிட்டாரும் ஒன்றுபோல ஒலிக்காது, அதில் சந்தேகமே இல்லை. ஸ்ட்ராட்டில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது ஒரே காயில் (சுருள்) உள்ள சிங்கிள் காயில் பிக்கப். லெஸ் பாலில் இரண்டு காயில் சேர்ந்த ஹம்பக்கர். ஸ்ட்ராட்டில் நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பி தாங்கும் கட்டை) பிரிட்ஜ் வரை (பாடியில் கம்பி தாங்கும் பகுதி) கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர், லெஸ் பாலில் ஏறக்குறைய 628. ஒரே தடிமன் கம்பியைப் போட்டாலும் லெஸ் பாலில் இழுவிசை குறைவு, விரலுக்குக் கொஞ்சம் தளர்வாக இருக்கும். வால்யூம் குமிழுக்குள் இருக்கும் பாட் என்ற மின்தடை ஸ்ட்ராட்டில் 250 கே (கிலோ ஓம்), லெஸ் பாலில் 500 கே. இத்தனை வித்தியாசத்தையும் விட்டுவிட்டு, பெருமையை மரத்தின் தலையில் மட்டும் கட்டினால் எப்படி?

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி தலைமுடி அளவு செப்புக் கம்பியை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்றிய ஒரு காயில். அதன்மேல் எஃகுக் கம்பி அதிரும்போது காயிலில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்புக்கு (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) போவது அந்த மின்சாரம்தான். மரத்தின் அதிர்வு பிக்கப்புக்கு நேரடியாகத் தெரியாது. கம்பியின் அதிர்வை மரம் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அந்த அளவுக்கு, சுற்றுவழியாகத்தான் அதற்குப் பங்கு. நாஷ்வில்லைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் ஜிம் லில், பாடியும் இல்லாமல் நெக்கும் இல்லாமல் இரண்டு மேசைகளுக்கு நடுவே கம்பியை இழுத்துக்கட்டி, கீழே பிக்கப்பை வைத்து வாசித்துக் காட்டினார். விலை உயர்ந்த டெலிகாஸ்டர் வகைக் கிட்டாருக்கும் அதற்கும் காதில் பெரிய வித்தியாசம் இல்லை.

விலைப்பட்டியலில் எழுதியிருக்கும் ‘மஹோகனி’யையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். அசல் மஹோகனி மத்திய, தென் அமெரிக்க மரம். ஆப்பிரிக்காவின் காயா, தென்கிழக்கு ஆசியாவின் நேட்டோ எல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு விற்பனைக்கு வருகின்றன. மோசமான மரங்கள் இல்லை, ஆனால் அது வேறு இது வேறு. ஒருமுறை என் பட்டறைக்கு ‘முழு மஹோகனி’ என்று வாங்கிய கிட்டார் ஒன்று வந்தது. பின்பக்க மூடியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தால், ஓரம் முழுக்க வரிவரியாகப் பிளைவுட் அடுக்குகள். மேலே ஒட்டியிருந்த சீவல் மட்டும் மஹோகனி நிறம். கொண்டுவந்த பையனின் முகம் சுருங்கிவிட்டது. பிளக் போட்டு வாசித்தோம். நேற்றுவரை அவனுக்குப் பிடித்திருந்த அதே ஒலிதான் வந்தது.

அப்படியானால் மரம் எதற்குமே இல்லையா? இருக்கிறது. எடை. மஹோகனி லெஸ் பால் நாலு, நாலரைக் கிலோ வரும். கல்யாணக் கச்சேரியில் மூன்று மணி நேரம் நின்று வாசித்துப் பாருங்கள், தோள்பட்டை பதில் சொல்லும். பாப்லர், பாஸ்வுட் இரண்டும் மெத்தென்ற மரங்கள். சீக்கிரம் பள்ளம் விழும், ஸ்ட்ராப் மாட்டும் ஸ்க்ரூ ஆடத் தொடங்கும். ஒரு பல்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் செருகி, காய்ந்ததும் ஸ்க்ரூவை முடுக்கினால் பல வருடம் தாங்கும். மட்டமான மரம் என்கிறாரே கடைக்காரர், பிரபல கிட்டார் கலைஞர் ஜோ சாட்ரியானி பெயரில் இபானெஸ் கம்பெனி விற்கும் கிட்டார்களுக்குப் பெரும்பாலும் பாஸ்வுட்தான் பாடி.

எனவே கடையில் இரண்டையும் ஒரே ஆம்பில், ஒரே செட்டிங்கில் வாசியுங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஒவ்வொரு கம்பியையும் அழுத்திக் கரகரப்பு வருகிறதா பாருங்கள். நெக்கின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை குத்தினால் விலை பேச அது ஒரு பிடி. கனமான ராக், மெட்டல் வாசிக்கத்தான் ஆசை என்றால் லெஸ் பாலை எடுங்கள்: அது ஹம்பக்கருக்குக் கொடுக்கும் காசு, நியாயமான காசு. எல்லாம் கலந்து வாசிப்பேன் என்றால் என் ஓட்டு ஸ்ட்ராட்டுக்கு. மிச்சமாகும் பணத்தில் நல்ல செட்டப் (கம்பியின் உயரம், சுருதி எல்லாம் சரிசெய்வது) செய்து, ஆம்புக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

கேள்வி: தச்சு வேலை செய்கிறேன். மகன் எலெக்ட்ரிக் கிட்டார் கேட்கிறான். வீணைக்குப் பலா மரம்தான் என்பார்கள். அதே பலாவில் கிட்டார் பாடி நானே செய்து கொடுத்தால் சரியாக வருமா? அல்லது வெளிநாட்டு மரம்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

தாராளமாக வரும் ஐயா. வீணையில் குடைந்தெடுத்த குடத்தின் சுவரும் மேல்பலகையும் சேர்ந்து அதிர்ந்துதான் காற்றில் நாதம் பிறக்கிறது. அங்கே பலா என்று அடம்பிடிப்பதற்குப் பொருள் உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரின் பாடி ஒரு கெட்டிப் பலகை. கம்பியின் இழுவையைத் தாங்க வேண்டும், வளையக் கூடாது, ஸ்க்ரூ பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

மரத்தைத் தேர்ந்தெடுத்த பெரியவர்களும் அப்படித்தான் யோசித்தார்கள். ஸ்ட்ராட்டை உருவாக்கிய லியோ ஃபெண்டர் 1949-ல் செய்த முதல் மாதிரி பைன் மரம். பிறகு ஆஷ். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டும் ஆஷில்தான் தொடங்கியது. 1956 வாக்கில் பெரும்பாலும் ஆல்டருக்கு மாறினார். ஆல்டர் மலிவு, எளிதில் கிடைத்தது, துவாரம் குறைவு என்பதால் பெயிண்ட் வேலையும் சுலபம். ரேகை தெரிய வேண்டிய வெளிர்மஞ்சள் நிறக் கிட்டார்களுக்கு மட்டும் ஆஷையே வைத்துக்கொண்டார். கணக்குப் போட்டுத் தொழில் செய்தவர் எடுத்த முடிவு, இன்று ‘ஆல்டர் டோன்’ என்று வேதவாக்காகிவிட்டது.

பலா நன்றாகக் காய்ந்த பலகையாக இருக்கட்டும். மலைவேம்பு கிடைத்தால் அதையும் யோசியுங்கள், எடை குறைவு. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. இரண்டு துண்டை ஒட்டுவதாக இருந்தால் ஒட்டும் முகத்தைத் தின்னரில் துடைத்துவிட்டு உடனே ஒட்டுங்கள். வேங்கை வேண்டாம், பையனுக்கு முதுகு வலிக்கும். பாடியின் கனம் 45 மில்லிமீட்டர். முடிந்த பாடி மட்டும் இரண்டு கிலோவுக்குள் நின்றால் நல்லது.

நெக்கை மட்டும் ரெடிமேடாக வாங்கிவிடுங்கள். உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஃப்ரெட் வெட்டும் இடம் அரை மில்லிமீட்டர் தவறினாலும் சுருதி நிற்காது, அதற்கென்று தனி ரம்பமும் அளவுச் சட்டமும் வேண்டும். ஸ்ட்ராட் வகை நெக் உட்காரும் குழி 56 மில்லிமீட்டர் அகலம், 16 ஆழம். வாங்கிய நெக்கை அளந்துவிட்டு வெட்டுங்கள். தட்டினால் இறங்கி, தூக்கினால் பாடியும் கூடவே வரும் அளவுக்கு இறுக்கம் இருக்கட்டும். நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் 324 மில்லிமீட்டர். அங்கிருந்து இன்னொரு 324 வைத்தால் மெல்லிய கம்பிக்கான சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) வரும். தடித்த கம்பிக்கு இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும். பிரிட்ஜுக்கு ஓட்டை போடும் முன் நெக்கை மாட்டி, இரண்டு ஓரக் கம்பிக்குப் பதிலாக நூலைக் கட்டிப் பாருங்கள். நூல் ஃப்ரெட்போர்டின் இரு ஓரத்துக்கும் சமதூரத்தில் ஓடினால்தான் துளை.

லண்டனில் பிரையன் மே என்ற பள்ளி மாணவன், 1963-ல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினான். நெக்குக்கு ஒரு பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மஹோகனி. பாடியில் ஓக்கும், மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த பிளாக்போர்டு (blockboard) பலகையும். கம்பியைத் தளர்த்தி இறுக்கிச் சுருதியை அசைக்கும் ட்ரெமலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். ஃப்ரெட்போர்டில் புள்ளி வைக்க அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான்கள். பின்னாளில் அவன் வாசித்த குவீன் இசைக்குழுவின் புகழ்பெற்ற ஒலி அந்தக் கிட்டாருடையது. உங்கள் மகனையும் பட்டறையில் நிறுத்தி உப்புத்தாள் தேய்க்க விடுங்கள்.

கேள்வி: ரோஸ்வுட் ஃப்ரெட்போர்டு உள்ள கிட்டாரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் பறிமுதல் செய்துவிடுவார்கள் என்கிறார் நண்பர். உண்மையா? லாரல் என்று போட்டிருப்பது நல்லதா?
— ஒரு வாசகி, கோவை

நண்பர் சொல்வது பழைய செய்தி. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஒரு கிட்டார் ஏற்றுமதிக்குக்கூட அனுமதிச் சீட்டு கேட்டார்கள். 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் விதிவிலக்கு. அதற்கு 1992-லிருந்தே கடுமையான தடை. அந்த மரம் போட்ட பழைய கிட்டார் என்றால் காகிதம் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

கடைகளில் இந்தியன் ரோஸ்வுட் என்று கிடைப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017 கெடுபிடியில் கம்பெனிகள் மாற்று தேடி, பாவ் ஃபெர்ரோவுக்கும் லாரலுக்கும் போயின. இந்தியன் லாரல் என்பது வேறொன்றுமில்லை, நம் கருமருது. கொஞ்சம் வெளிறிய நிறம், வறண்ட தோற்றம். வருடத்துக்கு இரண்டு தடவை கம்பி மாற்றும்போது ஃப்ரெட்போர்டு எண்ணெய் ஒரு துளி தேய்த்துத் துடைத்துவிட்டால் நன்றாகக் கறுத்துவிடும். பயமில்லாமல் வாங்குங்கள். என் காதுக்கு ஈட்டியும் இதுவும் ஒன்றுதான்; கண்ணுக்குத்தான் ஈட்டி அழகு.

கேள்வி: ஆஷ் மரக் கிட்டார் இனி கிடைக்காதாமே?
— ஒரு வாசகர், ஈரோடு

குறைந்துவிட்டது. மிசிசிப்பி ஆற்றுப்படுகையில் வெள்ளம் நீண்டு மரம் வெட்ட முடியாமல் போனது ஒரு பக்கம். ஆஷைத் துளைத்து அழிக்கும் மரகத வண்டு இன்னொரு பக்கம். 2020-ல் ஃபெண்டர் தன் வழக்கமான மாடல்களில் ஆஷைக் கைவிடுவதாக அறிவித்தது. அதைச் சொல்லிப் பழைய ஆஷ் கிட்டாருக்கு இரட்டை விலை கேட்பவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் கிட்டாரில் மூன்றாவது கம்பியை ஆறாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் மட்டும் ஒலி சட்டென்று செத்துவிடுகிறது. அக்கம்பக்கத்து ஃப்ரெட்டில் நன்றாக நிற்கிறது. பாடி மரம் சரியில்லையா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பாடியை விடுங்கள், நெக்கைப் பாருங்கள். முதலில் அந்த ஃப்ரெட்டும் அடுத்ததும் மட்டமாக இருக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ரெட் சரியாக இருந்தால், அது நெக்கின் வேலை. நீளமாக, மெல்லியதாக இருப்பதால் நெக்குக்கென்று சொந்த அதிர்வு உண்டு. நீங்கள் வாசிக்கும் சுரம் அதோடு ஒத்துப்போகும் இடத்தில் கம்பியின் சக்தியை நெக் குடித்துவிடும். போல்ட் போட்ட நெக் உள்ள கிட்டார்களில் மூன்றாவது கம்பியில் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் இது அடிக்கடி வரும். விலை உயர்ந்த கிட்டாரிலும் வரும்.

தச்சர் வைத்திருக்கும் சின்ன சி-கிளாம்ப் ஒன்றை, துணி சுற்றி, ஹெட்ஸ்டாக்கின் (நெக்கின் தலைப்பகுதி) நுனியில் மாட்டி அதே சுரத்தை வாசியுங்கள். எடை கூடியதால் நெக்கின் அதிர்வு இறங்கி, அந்தச் செத்த இடம் ஒரு ஃப்ரெட், அரை ஃப்ரெட் நகர்ந்திருக்கும். நகர்ந்தால் காரணம் இதுதான் என்று உறுதி. அப்புறம் கனமான ட்யூனிங் கீ போடலாம், அல்லது ஹெட்ஸ்டாக்கில் மாட்டும் எடை வாங்கலாம். அதிகம் வாசிக்காத சுரத்துக்கு அதைத் தள்ளிவிட்டால் போதும். முழுக்க ஒழிக்க வேண்டுமென்றால் நெக்கைத்தான் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு நான் போகமாட்டேன்.