சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்காமல் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் உரக்கரைசலில் செடி வளர்க்கும் முறை) தொட்டித் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைப்பது எப்படி?

கும்பகோணத்தில் மொட்டை மாடி, 100 லிட்டர் தொட்டி, மதியம் தண்ணீர் 34 டிகிரி, லெட்யூஸ் வாடுகிறது, சில்லருக்கு வசதி இல்லை என்கிறீர்கள். முதலில் ஒரு செடியைத் தூக்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் காப்பாற்றிவிடலாம். பழுப்பேறி, விரலால் உருவும்போது தோல் வழுக்கிக் கழன்று நூல் மட்டும் மிஞ்சினால் வேரழுகல்தான். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 34இல் 7தான். வேருக்கு மூச்சு முட்டும் நேரத்தில்தான் வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் கிருமி புகுகிறது.

வெயிலைத் தடுப்பதே பாதி வேலை. படிக்கட்டு அறைச் சுவரின் கிழக்குப் பக்கம் தொட்டியை நகர்த்துங்கள். உச்சிக்குப் பிறகு நிழல் கிடைக்கும். மேலே தென்னங்கீற்று, அடியில் தெர்மாகோல் பலகை. தளம் ராத்திரி வரை சூட்டைக் கக்கும். குழாய்களுக்கும் நிழல் வேண்டும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஈரச் சாக்கு சுற்றினால் சித்திரை வெயிலில் நன்றாகவே குளிரும். ஐப்பசி ஈரக்காற்றில் பலன் குறைவு.

2 லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மூடியோடு போட்டால் 100 லிட்டர் சுமார் 2 டிகிரி இறங்கும். பனிக்கட்டியை நேராகக் கொட்டாதீர்கள், உரக்கரைசல் நீர்த்துவிடும்.

கொல்லை இருந்தால் தொட்டியை மூன்றடி புதைப்பதுதான் என் தேர்வு. ஆனால் அடைமழையில் நிலத்தடி நீர் ஏறும்போது காலித் தொட்டி மிதந்து எழும்பிவிடும், நிரப்பியே வையுங்கள்.

லெட்யூஸை மார்கழிக்கு ஒதுக்கிவிட்டு, கோடைக்கு வள்ளைக்கீரை போடுங்கள்.