பாடப் படத்துக்குப் பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால்

கேள்வி: வகுப்பில் காட்டுவதற்காக இணையத்தில் தேடி எடுத்த படங்களுடன், ஒரு பாடத்தை யூடியூபில் ஏற்றியிருந்தேன். அதிலுள்ள ஒரு புகைப்படத்துக்கு உடனே பணம் கட்டாவிட்டால் வழக்கு தொடரப்படும் என ஒரு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. ஆசிரியர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டல்லவா?

பதில்: விலக்கு உண்டு, ஆனால் அது யூடியூப் வரை உங்களுடன் வருவதில்லை. கற்பித்தலுக்குத் தேவையான அளவில் பிறர் படைப்பை எடுத்தாள்வதை அனுமதிக்கும் உரிமையை, பதிப்புரிமை குறித்த சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு அந்தந்த நாட்டுச் சட்டத்திடம் விட்டிருக்கிறது. பெரும்பாலான சட்டங்கள் அந்தச் சலுகையை ஆசிரியர், மாணவர், பாடம் என்ற வட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. உங்கள் மாணவர்கள் மட்டும் கடவுச்சொல் கொடுத்து நுழையும் பக்கத்தில் அதே படத்தை வைத்திருந்தால் வாதாட இடமிருக்கும். இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் வைத்த காணொளியைக்கூட மூடிய வகுப்பறை என்று சொல்லிவிட முடியாது. பணம் சம்பாதிக்கவில்லை என்ற பதில் மட்டும் போதாது.

இருந்தாலும் பயந்துபோய்ப் பணம் அனுப்பிவிடாதீர்கள். இப்படி எழுதுபவர்களில் பலர் புகைப்படக் கலைஞர்கள் அல்லர். வசூலில் பங்கு பெறும் இடைத்தரகர்கள். கலைஞர் யார், அவர் சார்பில் கேட்க இவர்களுக்கு அதிகாரம் தந்த ஆவணம் எது, தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையான உரிமையாளரிடம் இவற்றுக்குப் பதில் இருக்கும்.

படம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று கலைஞரே தரும் பொது அனுமதியில், வெளியானதா என்பதையும் பாருங்கள். அந்த உரிமத்தின் பதிப்பு எண்ணை அவசியம் கவனியுங்கள். கலைஞரின் பெயரைக் குறிப்பிடத் தவறியிருந்தால், 2013இல் வந்த 4.0 பதிப்பின்படி, தவறு தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் தானாகவே மீண்டும் உயிர்பெறும்; அதற்கு முன் நடந்த மீறலுக்கு இழப்பீடு கேட்கும் வாய்ப்பு மட்டும் உரிமையாளருக்கு இருக்கும். 3.0 வரையிலான பதிப்புகளில் இந்த அவகாசமே கிடையாது. அதனால்தான் வசூல்காரர்களுக்குப் பழைய பதிப்புகள் மீது அத்தனை பிரியம். பெயர் விடுபட்ட படங்களைத் தேடுவதே சிலருக்குத் தொழில். ‘இலவசப் படங்கள்’ என்று அறிவிக்கும் தளங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். உரிமை இல்லாத ஒருவர் அங்கே ஏற்றிய படத்துக்கு அந்தத் தளம் தரும் அனுமதி செல்லாது.

பாடங்களை இணையத்தில் ஏற்றச் சொல்லும் கல்வி நிர்வாகங்கள், உரிமம் பெற்ற படத் தொகுப்பு ஒன்றை ஆசிரியர்களுக்குக் கொடுக்க ஏன் இத்தனை தயங்குகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. மிரட்டல் கடிதம் ஆசிரியர் பெயருக்குத்தான் வருகிறது.

இப்போதைக்குப் படம் தெரியும் திரையையும் மின்னஞ்சலையும் தேதியுடன் சேமித்துவிட்டு, யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். அவர்கள் சரியான ஆவணங்களைக் காட்டினால், தொகை பேசுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் அவற்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.