ஒரத்துப்பாளையம் அணையும் எங்கள் கிணறும்

முக்கியமான சுற்றுச்சூழல் பிரச்சினைகள் எவை, இயற்கையைப் பாதுகாப்பது அரசாங்கத்தின் வேலைதானே, சாதாரண ஜனங்கள் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். காற்று மாசு, பிளாஸ்டிக், காடழிப்பு, வற்றும் நிலத்தடி நீர், பருவநிலை மாற்றம் என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரியும். நான் ஒரே ஒரு ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாவது கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அந்தக் கரையில்தான்.

அம்மா பிறந்த ஊர் சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல்தான் எங்கள் ஆறு. பேரூர்ப் பக்கம் காஞ்சிமாநதி என்று பழைய பெயர் உண்டு. 1992-ல் பாசனத்துக்காக அணை கட்டி முடித்தபோது ஊரே பொங்கல் வைத்ததாம். சில வருஷத்தில் அதே விவசாயிகள், அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று கேட்கும்படி ஆகிவிட்டது. உள்ளே நின்றது திருப்பூரின் சாயக்கழிவு.

வெளியூர்க்காரர்கள் ஆற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் பதறுவார்கள். எங்களைக் கெடுத்தது உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்புப் போட வேண்டும். அடர்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சாயத்தைத் துணி பிடித்துக்கொள்ளும், உப்பு கழிவோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் ரசாயனமும் போட்டு நிறத்தைப் படிய வைக்கலாம். கரைந்த உப்பு அதற்கெல்லாம் அசையாது. அதனால் தெளிவாகத் தெரிகிற தண்ணீரும் பயிரைக் கருக்கும்.

அணைத் தண்ணீர் மண்ணில் இறங்கி அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக் கிணற்றுக்கும் வந்தது. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். சோப்பு நுரைக்காது. மாடு தொட்டியில் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தென்னை ஓலை நுனியிலிருந்து கருகி வரும், குரும்பை உதிரும், அப்புறம் குருத்தே வராது. மொட்டையாக நின்ற மரங்களை வெட்டச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அப்புச்சிக்கு மனசு வரவில்லை, கடைசிவரை விட்டு வைத்திருந்தார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. என் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். தோட்டம் கைவிட்ட பிறகு வீட்டுக்கு அரிசி வந்தது அந்தச் சம்பளத்தில்தான், நான் படித்ததும் அதில்தான். ஆகவே சாயப்பட்டறைக்காரர்களை எதிரியாக்கிப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் கழிவைச் சுத்தம் செய்கிற செலவு பனியன் விலையில் சேரவே இல்லை. அந்தச் செலவை அப்புச்சி தன் தென்னையை இழந்து கட்டினார். இது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அரசாங்கத்தின் வேலைதானே என்கிறீர்கள். 1974-லேயே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருந்தது. அப்படியும் ஆறு கெட்டது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து கோர்ட்டுக்குப் போய், வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்த பிறகுதான் நிலைமை அசைந்தது. கழிவைச் சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாட்டைச் செய்யாத பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. மாமாவுக்கும் சில மாதம் சரியாக வேலை இல்லை. பிறகு சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் இயந்திரமும் வைத்து, அதே தண்ணீரை மறுபடி சாயத்துக்கே திருப்பிவிடப் பழகினார்கள். முடியாது என்று அதுவரை சொல்லிவந்த வேலைதான் அது.

இதற்கு முன்பே பாலாற்றுத் தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக வேலூர் மக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று 1996-ல் தீர்ப்பு வந்தது அந்த வழக்கில்தான். ஆறு, ஏரி, காடுகளைக் காப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பின் 51ஏ பிரிவும் சொல்கிறது. எனக்கு அது கடமை என்பதைவிடத் தற்காப்பாகவே தெரிகிறது. அணைத் தண்ணீரைக் குடித்துப் பார்க்க வேண்டிய நிலை அதிகாரிகளுக்கு வரவில்லை, எங்கள் மாட்டுக்கு வந்தது.

மழைக்காலத்தில் திருட்டுத்தனமாகக் கழிவு திறந்துவிடுவதாக இன்னும் புகார் வருகிறது. பாலத்தடியில் நுரை தெரிந்தால் ஊர்ப் பையன்கள் உடனே படம் எடுத்து வாரியத்துக்கு அனுப்புகிறார்கள். மாமா இப்போது தோட்டத்திலேயே இருக்கிறார். சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது. குடிநீருக்கு வேறு வழியே இல்லாதபோதும் லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அளவு. போன பொங்கலுக்கு நான் போயிருந்தபோது கிணற்றில் விட்டுக் காட்டினார், அதற்கும் மேலேதான் நின்றது. மழைத்தண்ணீர் கிணற்றுக்குள் இறங்க வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார். மாட்டுக்கு இன்னமும் குழாய்த் தண்ணீர்தான் காட்டுகிறார்கள்.