பழம்பட்டு மடிப்பில் இற்றுப்போவது ஏன்?

மும்பை மாட்டுங்கா வீட்டு அலமாரியில் இருக்கும் பாட்டியின் கூறைப்புடவை மடிப்பு வாக்கிலேயே கிழிகிறது என்றும், அருங்காட்சியகங்கள் இத்தகைய பட்டாடைகளை எப்படிக் காக்கின்றன என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பட்டு ஒரு புரத இழை. ஒளி, குறிப்பாகப் புற ஊதாக் கதிர், அதன் மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டிக்க, ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் மடிப்பு அந்த நலிந்த இழையை முறித்துவிடுகிறது. எடை கூட்டுவதற்காக வெள்ளீய உப்பு ஏற்றப்பட்ட 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பட்டுகளின் கதி இன்னும் மோசம். பெட்டிக்குள் இருந்தபடியே அவை நீளநீளமாகக் கீறிப்போகும்.

எனவே அருங்காட்சியகங்களில் காட்சி விளக்கொளி பொதுவாக 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு) அடக்கப்படுகிறது. ஈரப்பதம் ஏறக்குறைய 50 விழுக்காட்டில் ஏற்ற இறக்கமின்றி வைக்கப்படுகிறது. மும்பை மழைக்காலத்தில் இது எளிதன்று. கிழிந்த பகுதிக்கு அடியில், அதே நிறம் ஏற்றிய மெல்லிய பட்டுத்துணியை இட்டு, ஊசி பழைய இழையைக் குத்தாமல் இழைகளுக்கு இடையே நுழையும்படி, மயிரிழை போன்ற பட்டுநூலால் தைக்கிறார்கள். ஒரு சாண் கிழிசலுக்கே பல நாள் பிடிக்கும்.

வீட்டில், பிளாஸ்டிக் உறையை நீக்கி, கஞ்சி போடாத, துவைத்த பழைய பருத்தி வேட்டியில் புடவையைச் சுற்றுங்கள். அமிலமற்ற தாளை உள்ளே வைத்துக் குழலில் சுருட்டினால் இன்னும் நல்லது. அந்துருண்டை துணியில் படக்கூடாது. கறுத்த சரிகையைப் புளி போட்டுத் துலக்கலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள்.